தெய்வ மரத்தில் ஐந்து ஆணிகள்

ஒகுசாவா கிராமம்
1943 நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. உங்கள் கடற்கரையில் இன்னும் வெயில் இருக்குமென்று நினைக்கிறேன். நீங்களும் உங்கள் அப்பாவும் சுகமா? அம்மாவுக்கு இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. உங்கள் குழந்தை மியோ நன்றாக இருக்கிறாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்கு எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பதில் போடுவதானால் டோஃபு கடை நோபுவின் பெயருக்குப் போடுங்கள். பள்ளியில் வைத்து என்னிடம் கொடுத்துவிடுவாள்.

நீங்கள் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கோயில் மரத்திலிருந்து பிடுங்கிய ஐந்து ஆணிகளையும் ஊர்த்தலைவர் ஒகானோ பாயில் வரிசையாக வைத்தார். "இது வீட்டு ஆணி இல்ல. தலை தட்டை, உடம்பு வளைவு. படகு ஆணி. இந்த மலையில படகு ஆணி யார்கிட்ட இருக்கும்?" என்றார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். படகுத் தச்சர் மகள் இந்த ஊரில் நீங்கள் ஒருத்திதான்.

"தெய்வ மரத்துல ராத்திரி ஆணி அடிச்சா அது யாரோ சாகணும்னுதான். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றார்.

"என் இடுப்பு ஏன் புடிச்சுக்கிச்சுன்னு இப்பல்ல புரியுது," என்றாள் அம்மா.

"உங்க இடுப்புக்கு எதுக்கு அஞ்சு ஆணி, ஒண்ணு போதாதா?" என்று ஒகானோவின் மனைவி குறுக்கே விழுந்தாள். "சீனாவுல சண்டை போடுற புருஷனுக்குல்ல அடிச்சிருக்கா." சாபம் வைக்கிறவள் வைக்கோல் பொம்மையும் வைப்பாளே, அது எங்கே என்று யாரோ கேட்டார். காற்றில் போயிருக்கும் என்றார்கள்.

நீங்கள் பேச வாயைத் திறந்தீர்கள். பிறகு மூடிக்கொண்டீர்கள். அம்மா மியோவை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, "குழந்தை இந்த வீட்டுக் குழந்தை. நீ மட்டும் கிளம்பு," என்றாள்.

ஏன் அண்ணி, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை? அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தை எப்படியும் வெட்டப் போகிறார்கள். கப்பல் கட்ட அரசாங்கத்துக்குக் காணிக்கையாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கினுவே


கடற்கரையிலிருந்து
நவம்பர் 20

கினு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு இருமல், மற்றபடி சுகம். நானும் சுகம்தான் என்று வைத்துக்கொள்.

மியோவுக்குத் தூக்கம் வர யாருடைய காதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உன் அம்மாவுக்குக் காதைத் தொட்டால் பிடிக்காது, ஆகவே நீ பக்கத்தில் படுத்துக்கொள். கம்பு கலந்த கஞ்சி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நெஞ்சில் சளி கட்டினால் வெங்காயத்தாளை வாட்டித் துணியில் சுற்றிக் கழுத்தில் கட்டு. அவள் இடது காலில் முதலில் செருப்பைப் போட்டால் அழுவாள். வலது கால் முதலில்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். மரத்தில் ஆணிகள் எவ்வளவு உயரத்தில் இருந்தன? சமையலறை மேல்தட்டில் என் தகர டப்பா இருக்குமே, அது இன்னும் இருக்கிறதா?

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

செட்சு


ஒகுசாவா
டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கிணற்றுத் தண்ணீர் காலையில் பனி ஏடு கட்டுகிறது. உங்கள் அப்பாவின் இருமல் குறைந்ததா? மியோ என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். வலது கால் செருப்பையும் முதலில் போடுகிறேன். கஞ்சியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "அவ ஆத்தா சொன்னாளாக்கும்," என்றாள். நான் பயந்துபோய், நானாகத்தான் கவனித்தேன் என்றேன்.

மரத்தை வெட்டிவிட்டார்கள்.

முதலில் பூசாரி உப்பும் அரிசி மதுவும் தெளித்து, மரத்தில் இருந்த தெய்வத்தை விடைபெறச் சொன்னார். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வைக்கோல் வடத்தை அவிழ்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "எண்ணூறு வருஷம் குடியிருந்த சாமி, மூட்டை கட்டக்கூட நேரம் இல்லாமப் போயிடுச்சா?" என்று நோபு என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரத்தடியில் இருந்த பலகை ஞாபகம் இருக்கிறதா? ஷின்போகு என்று இரண்டு எழுத்து. ஒன்று தெய்வம், இன்னொன்று மரம். பலகைக்குத் தட்டுப்பாடு என்பதால் அதையே இழைத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். பள்ளியில் நல்ல கையெழுத்து என்னுடையது என்று ஆசிரியை என்னை அழைத்தார். கீழே 'மரம்' அப்படியே. மேலே 'தெய்வம்' இருந்த இடத்தில் 'காணிக்கை' என்று எழுதினேன். இழைத்த பிறகும் பழைய எழுத்தின் கறை மரத்துக்குள் கொஞ்சம் தெரிந்தது. அதன் மேலேயே தூரிகையை வைத்தேன். முதல் கோட்டை இழுக்காமல் நின்றேன். "தேசத்துக்குக் குடுக்கிறப்ப தயங்கலாமா?" என்றார் ஆசிரியை.

பிடுங்கியது போக உள்ளே இன்னும் ஆணி இருந்தால் ரம்பம் உடையும் என்று பேசிக்கொண்டார்கள். மரம் அறுக்க வந்தவர்களில் மூத்தவர் ஆணித் துளைகளைப் பார்த்தார். "இதுக்காய்யா பயந்தீங்க? இதுக்கு மேல வெட்டினாப் போச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆளுயர அடிமரத்தை விட்டுவிட்டு மேலே அறுத்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்தது.

அவ்வளவுதான் அண்ணி. அந்த ஐந்து ஆணிகளால் அவ்வளவுதான் ஆயிற்று.

கினுவே


கடற்கரையிலிருந்து
1944 ஜனவரி 11

கினு,

புது வருஷம் எப்படிப் போயிற்று? இங்கே சோற்றில் பாதி முள்ளங்கி. அப்பா படுக்கையிலிருந்து எழுந்துவிட்டார்.

நான் படகுத் துறையில் வேலைக்குப் போகிறேன். பலகை இடுக்குகளில் நார் அடைக்கிற வேலை. வருகிற கட்டைகளில் பாதிக்கு மேல் ஏதாவதொரு கோயில் மரம். ரம்பக்காரர் ஒவ்வொன்றையும் முதலில் உளியால் தட்டித் தடவிப் பார்க்கிறார். ஆணி இல்லாத கோயில் மரம் கிடையாது. பட்டை மூடி உள்ளே போன பழைய ஆணிகள். எடுத்து ஒரு ஊறுகாய் ஜாடியில் போடுகிறார். ஜாடி நிறைந்து இப்போது இரண்டாவது. "அம்மாடி, இதுல மாமியாருக்குன்னு அடிச்சது மட்டும் எத்தனையோ," என்று நேற்று சொன்னார். பெண்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு, ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீ பதில் எழுதவில்லை. மூன்றாம் முறை கேட்கமாட்டேன்.

மியோவுக்கு இந்த மாதம் மூன்று வயது. ஏதாவது செய்து கொடுத்தீர்களா?

செட்சு


ஒகுசாவா
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எல்லோரும் நலம். மியோவுக்குச் சிவப்புப் பயறு போட்ட சோறு ஒரு கிண்ணம் செய்தோம். உங்கள் பங்கு எங்கே என்று கேட்டாள். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அண்ணனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. பள்ளி முகவரிக்கு, எனக்கு மட்டும். உங்களுக்காக அப்படியே எழுதித் தருகிறேன்:

"கினு, நான் நலம். பல் வலி தவிர வேறு குறை இல்லை. இங்கே ஒரு ஊரில் நம்முடையதைப் போலவே பெரிய மரம் ஒன்று. சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். பலகையில் அதே இரண்டு எழுத்து. அவர்கள் வாயில் அது ஷென்மு என்பதுபோல் வருகிறது. எழுத்து ஒன்றேதான். பாலம் போட எங்களுக்குக் கட்டை வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து, மண்ணில் குச்சியால் அந்த இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதி என்னைப் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரிந்தது. கோடரி என் கையில் இருந்தது."

இதற்குப் பிறகு மூன்று வரி கறுப்பு மையால் அடித்திருக்கிறது. பிறகு:

"நம் மரம் நிற்கிறதா? கிளம்புகிற அன்று அதிலிருந்து எடுத்த பட்டைத் துண்டு இன்னும் என் சட்டைக்குள் இருக்கிறது. இன்னொரு விஷயம். நம்மூர்க்காரன் ஒருவனுக்கு வந்த கடிதத்தில், செட்சு என்மேல் சாபம் வைத்து ஆணி அடித்தாள் என்று இருந்ததாம். அவன் எல்லோர் முன்பும் படித்தான். நான் நம்பவில்லை. ஆனால் ராத்திரி காவல் நிற்கும்போது நம்பிவிடுகிறேன். நீ என்னிடம் பொய் சொன்னதே இல்லை. உண்மை என்ன என்று எழுது."

அண்ணி, நான்தான் அடித்தேன்.

கோயில் மரத்தில் ஆணி இருந்தால் ரம்பம் போய்விடும், அதனால் உங்கள் அப்பா அதைத் தொடவே மாட்டார் என்று நீங்கள் ஒருநாள் மாவு சலித்துக்கொண்டே சொன்னீர்கள். அண்ணன் பட்டையை எடுத்துக்கொண்டு போன மரம் விழுந்தால் அண்ணனும் திரும்ப மாட்டான் என்று எனக்குப் பயம். உங்கள் டப்பாவிலிருந்து ஐந்து ஆணி எடுத்தேன். என் தோள் உயரத்தில் அடித்தேன். அதற்கு மேல் கை எட்டவில்லை. ஊரார் அதைச் சாபம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

டப்பா மேல்தட்டில் இல்லை. அம்மா ஆற்றில் எறிந்துவிட்டாள்.

கினுவே


ஒகுசாவா
மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

பனி உருகுகிறது. சுகமா? என் போன கடிதம் கிடைத்ததா? நோபுவிடம் தினமும் கேட்கிறேன். "உனக்குக் காதலன் எவனோ இருக்கான்னு எங்கப்பா நினைக்கிறாரு. கொஞ்சம் மெதுவாக் கேளுடி," என்கிறாள்.

பக்கத்துக் கிராமத்தில், காணிக்கைக்குக் கணக்கெடுத்த மரத்தைப் பட்டை உரித்துக் கெடுத்தான் என்று ஒருவரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மகள் என் வகுப்பு. இப்போது அவளோடு யாரும் உட்காருவதில்லை. நானும் உட்காரவில்லை.

அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எரித்துவிடுங்கள்.

மியோ நலம். ஐந்து வரை எண்ணுகிறாள்.

கினுவே


கடற்கரையிலிருந்து
ஏப்ரல் 16

கினு,

எரித்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கு. அதுதானே உனக்கு வேண்டியது?

எனக்கு அன்று காலையிலேயே தெரியும். உன் சட்டைக் கையில் இருந்த பிசினைச் சாம்பல் போட்டுத் துவைத்தவள் நான். தலைவர் ஆணிகளைப் பாயில் வைத்தபோது, அது என் அப்பா கையால் வளைத்த ஆணி என்று எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது ஒன்று தோன்றியது. சபித்தவள் என்றால் ஊர் துரத்தும். அரசாங்க மரத்தைக் கெடுத்தவள் என்றால் காவலர்கள் வருவார்கள். உன்னோடு நிற்காது. அந்த வீடே துரோகி வீடு ஆகும். அந்த வீட்டில்தான் மியோ வளர வேண்டும். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது. யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

உன்மேல் உள்ள பிரியத்தால் செய்தேன் என்று நினைத்துவிடாதே. பிரியம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் உன் கால் விரல்கள் தெரிந்தன, கினு. நான் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும் வரையில் அவை நகரவே இல்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வருமா என்றும் தெரியவில்லை.

இரண்டு காரியம் செய். மாதாமாதம் மியோவைப் பற்றி எழுது. எடை, இருமல், புதிதாகக் கற்ற சொல், எல்லாம். அடுத்தது, உன் அண்ணனுக்குப் பதில் போடு. நான் எழுதினால், குற்றவாளி வேறென்ன எழுதுவாள் என்று இருக்கும். அவர் உன்னைத்தான் கேட்டிருக்கிறார். யார் அடித்தது என்று எழுதாதே, கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். 'அண்ணி அல்ல' என்று எழுது. இரண்டு சொல். அவர் காவல் நிற்கும்போது அது அவருக்கு வேண்டும்.

அவர் திரும்பி வந்தால் நான் என் குழந்தையைக் கேட்கலாம். அதற்கும் அந்த இரண்டு சொல் வேண்டும்.

செட்சு


ஒகுசாவா
ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நாற்று நடவு முடிந்தது. மியோ பதினோரு கிலோ இருக்கிறாள். 'தவளை' என்று தெளிவாகச் சொல்கிறாள். இருமல் இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வயலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, நான்தான் ஆணி அடித்தேன், அண்ணியைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்றேன். அம்மா நிமிரவே இல்லை.

"சுத்தியல் கொட்டாயில இடம் மாறி இருந்துச்சு. எனக்குத் தெரியாதாடி?" என்றாள்.

"தெரிஞ்சுமா அனுப்பினே?"

"பொண்ணு துரோகின்னா வீடே போச்சு. மருமக சூனியக்காரின்னா மருமகதான் போவா. நீயே சொல்லு, யாரை அனுப்பியிருப்பே?" பிறகு இன்னொரு நாற்றை ஊன்றிவிட்டு, "வாயைப் பொத்திக்கிட்டு நடு. வரிசை கோணுது பாரு," என்றாள்.

வெட்டிய மரம் ஆற்றங்கரையில் அப்படியே கிடக்கிறது. லாரிக்கு எரிபொருள் இல்லையாம். அடிப்பக்கம் காளான் முளைத்திருக்கிறது. என் பலகை மேலே ஆணியடித்து நிற்கிறது. காணிக்கை மரம். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று போகிறவர்கள் சொல்கிறார்கள்.

அண்ணனுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டேன். 'அண்ணி அல்ல' என்றுதான் எழுதினேன். அட்டை என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. தபால் நிலையத்தில் இருப்பவர் ஒகானோவின் தம்பி, அவர் எல்லா அட்டையையும் படிப்பார். அவர் விடுப்பில் போகும் நாளில் போட்டுவிடுகிறேன்.

வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.

கினுவே


கடற்கரையிலிருந்து
ஜூலை 19

கினு,

அப்பா போன வாரம் இறந்துவிட்டார். கஷ்டப்படவில்லை.

தவளை என்று அவள் சொல்வதை நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

அட்டையைப் போட்டாயா?

செட்சு


ஒகுசாவா
அக்டோபர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் அப்பாவுக்காக ஊதுவத்தி ஏற்றினேன். அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்றியதால் பாதியில் அணைக்க வேண்டியிருந்தது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஆகஸ்டிலிருந்து உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்தச் செய்தியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி, இறந்த சிப்பாயின் சாம்பலை வைத்து அனுப்புகிற வெள்ளைத் துணி கட்டிய பெட்டி வந்தது. அண்ணன் ஜூலை மாதமே போய்விட்டான். ரயிலடியில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் தலை குனிந்து வரிசையாக நின்றோம். பெட்டி கனமே இல்லை. வீட்டில் திறந்தோம். விரல் நீளத்தில் ஒரு மரத்துண்டு, அதில் அண்ணன் பெயர். வேறொன்றும் இல்லை. என்ன மரம் என்று அம்மா முகர்ந்து பார்த்தாள். எங்கள் மரத்தின் வாசனை இல்லை என்றாள்.

பெட்டியோடு வந்த சிப்பாய்க்கு அண்ணனைக் கொஞ்சம் தெரியும். "வீட்டுல இருந்து கடுதாசி வந்துதான்னு தினம் கேட்பாரு. தங்கச்சி எழுதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி நீங்கதானா?" என்று கேட்டார். நான் தேநீர் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

துவைக்கிற துறையில் பெண்கள், அஞ்சு ஆணியும் பலிச்சிடுச்சு என்று பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே துணியை அலசினேன்.

ஒகானோவின் தம்பி ஆகஸ்டில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் விடுப்பில் போனார். ஜூனிலேயே ஒருமுறை போனார். அட்டை இப்போதும் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

உங்கள் பெயரை இந்த வீட்டுக் குடும்பப் பதிவிலிருந்து எடுக்க அம்மா மனு கொடுத்திருக்கிறாள். மனுவை எழுதச் சொன்னது என்னைத்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று.

மாதாமாதம் எழுதச் சொன்னீர்கள். மியோ பன்னிரண்டு கிலோ. சளி இல்லை. செருப்பை இப்போது தானே போட்டுக்கொள்கிறாள், எந்தக் கால் முதலில் என்று பார்ப்பதில்லை. என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். இதை எழுதும்போதும் பிடித்திருக்கிறாள்.

புதிய சொல் ஒன்றும் இருக்கிறது. நேற்று அடுப்படியில் எனக்குப் பின்னால் வந்து நின்று, "அம்மா," என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். மூன்றாம் முறை, "என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

கினுவே